இரண்டு கோட்டும் ஒரு செயினும்

1

போன செவ்வாய்க்கிழமை பார்சல் திரும்பி வந்துவிட்டது.

முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட் முடித்து, மழையில் சைக்கிள் மிதித்து வீடு சேர்ந்தால், கீழ்வீட்டு அம்மாள் அதை வாங்கித் தன் வாசலில் வைத்திருந்தார். அக்டோபர் மாதம் நானே டேப் ஒட்டி அனுப்பிய அட்டைப்பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஒட்டுத்தாள் மேல் ஒட்டுத்தாளாக என் கையெழுத்தே மறைந்துபோயிருந்தது. உள்ளே மட்டும் வைத்தது வைத்தபடி: சைக்கிள் டயர் இரண்டு, சைக்கிள் செயின் ஒன்று. ஜெர்மனியில் மியூன்ஸ்டர் என்கிற இந்த ஊரிலிருந்து, காஞ்சிபுரம் செவிலிமேட்டில் இருக்கும் என் தங்கை எஸ்தருக்கு அனுப்பியவை. சென்னை வரை போய், ஐந்து மாதம் கிடந்துவிட்டு, அவள் கண்ணில் படாமலேயே திரும்பியிருக்கின்றன.

என் மகள் ரூத்துக்குப் பதின்மூன்று வயது. பெட்டியைப் பார்த்ததும், "அம்மா, கோட்டு வந்துச்சு!" என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

விஷயம் இதுதான். ஜெர்மன் மொழியில் சைக்கிள் டயருக்கு 'மாண்டல்' என்பார்கள். குளிருக்குப் போடும் மேல்கோட்டுக்கும் அதே சொல். சைக்கிள் செயினுக்கு 'கெட்டே'. கழுத்தில் போடும் செயினுக்கும் கெட்டேதான். நான் சாமான் வாங்கிய கடையின் ரசீது ஜெர்மனில் இருந்தது. அதை ஆங்கிலத்தில் மாற்ற வேண்டிய கட்டத்தில் நான் சோம்பல்பட்டு ரசீதை அப்படியே இணைத்துவிட்டேன். கூரியர்காரர்களின் கம்ப்யூட்டர் அதைத் தனக்குத் தெரிந்த மாதிரி மொழிபெயர்த்துக்கொண்டது. சென்னையில் பார்சல் இறங்கியபோது காகிதத்தில் இருந்தது: கோட்டு இரண்டு, கழுத்துச் செயின் ஒன்று.

எஸ்தர் முசரவாக்கம் கிராமத்தில் வேலையாக இருந்தபோது அவளுக்கு போன் வந்திருக்கிறது. கூரியர் அலுவலகத்துப் பெண்.

"மேடம், உங்க பார்சல்ல செயின் இருக்குதே, எத்தனை பவுன்?"

"பவுனா? அது இரும்புமா."

"இரும்புச் செயினா? இரும்புச் செயினை யாரு மேடம் ஜெர்மன்லேருந்து அனுப்புவாங்க?"

அந்தப் பெண் கிண்டலாகக் கேட்கவில்லை. சந்தேகத்தில் கேட்டாள்.

பிறகு காகிதப் போர். எஸ்தரின் ஆதார் நகல், என் பாஸ்போர்ட் நகல், 'இது நகை அல்ல' என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டிய கடிதம். கடிதத்தில் கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளது போல இல்லை என்று திரும்பி வந்தது. பதிமூன்று வருடமாக வெளிநாட்டில் படிவம் படிவமாகக் கையெழுத்துப் போட்டு என் கையெழுத்தே மாறிவிட்டது என்று யாரிடம் விளக்குவது? மூன்றாவது கடிதத்தோடு எஸ்தர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். அவள் கோபத்துக்கு வேறு காரணம் இருந்தது.

"நான் யாரு? தபால்காரி. ஊருக்கெல்லாம் பார்சல் கொண்டுபோய்க் குடுக்கிறவ. எனக்கு நீ கூரியர்ல அனுப்பிக்கீற. எங்க ஆபீஸ்ல சிரிக்கிறாங்கக்கா."

வந்த டயர்களை அன்றைக்கே என் சைக்கிளில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதை அத்தோடு முடிந்தது. எனக்கு இன்னமும் சாமான் பட்டியல் அனுப்பிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் மீதியைப் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். 'அங்க இருக்கிற குவாலிட்டி இங்க வராதுபா' என்று எழுதுகிறீர்களே, அந்த நீங்கள். அதை உங்களைவிட அதிகம் நம்பியவள் நான்.

2

எஸ்தர் என்னைவிட நாலு வயது சின்னவள். முசரவாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தபால் கொண்டுபோகிறாள். ஓய்வூதியம், பேங்க் காகிதம், வேலைக்கு வரச்சொல்லும் கடிதம் எல்லாம் அவள் பையில் போகும். சைக்கிளில்தான் போவாள். ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று அவள் கணவர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். வேண்டாம் என்றுவிட்டாள்.

நாலு வருடத்துக்கு முன்னால், வெள்ளை கேட் பக்கம் ஹைவே ஓரத்தில் சென்னைக்காரர்கள் ஐந்தாறு பேர் பளபளக்கும் சைக்கிள்களோடு நின்றிருக்கிறார்கள். ஒரு சைக்கிளில் பஞ்சர். கையில் பம்ப் உண்டு, ஒட்டும் சாமான் உண்டு, ஒட்டத்தான் ஒருவருக்கும் வரவில்லை. எஸ்தர் தபால் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து ஒட்டிக்கொடுத்தாள்.

"தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும் சார். எண்ணினது இல்ல."

அடுத்த மாதம் நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். தபால் சைக்கிளிலேயே போய், பாதிப் பேருக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். அதன் பிறகு இருநூறு. அதன் பிறகு முந்நூறு. இவை பந்தயங்கள் அல்ல. குறிப்பிட்ட நேரத்துக்குள் குறிப்பிட்ட தூரத்தை முடித்தால் சான்றிதழ், அவ்வளவுதான். அடுத்தது நானூறு. இருபத்தேழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

சர்ச்சில் ஆராதனை முடிந்து வரும்போது ஒரு அத்தை அவளை நிறுத்தி, "ரெண்டு புள்ள பெத்தவ, அரை டிராயர் போட்டுக்கினு ரோட்ல போறியாமே," என்றாராம்.

"யாரோ தப்பா சொல்லிக்கிறாங்க அத்தை," என்றாளாம் இவள். "அது முக்கா டிராயர்."

எங்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவைச் சொல்லாவிட்டால் இது ஏதோ ஆரோக்கியத்துக்காக ஓட்டும் கதை போல ஆகிவிடும். செவிலிமேட்டுக்கு வருவதற்கு முன் நாங்கள் இருந்த கிராமத்தின் பெயரை எழுத மாட்டேன். எங்கள் காலனியிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றைக் கடக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அந்தத் தெருமுனை வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அடுத்த முனையில் ஏறுவார்கள். யாரும் அதைப் பேச மாட்டார்கள். அப்பாவும் அப்படித்தான் போனார், வந்தார்.

பதினொன்றாம் வகுப்பில் எனக்கு அரசாங்கத்தின் இலவச சைக்கிள் கிடைத்தது. முதல் நாள் எஸ்தரை கேரியரில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். தெருமுனையில் இறங்கவில்லை. துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்கு அப்போது சைக்கிளில் ஏற ஒரு மேடு வேண்டும், இறங்கினால் திரும்ப ஏறத் தெரியாது. "எறங்குடி" என்று ஒரு குரல் கேட்டது. எஸ்தர் என் இடுப்பை இறுக்கிக்கொண்டு, "மிதிக்கா, மிதிக்கா" என்றாள். மிதித்தேன்.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அப்பா கைகட்டி நின்றபடியே சொன்னார்: "அது கவர்மெண்ட் குடுத்த சைக்கிளுங்க. எறக்கணும்னா கவர்மெண்ட்டைத்தான் கேக்கணும்."

எங்களுக்கு அந்த வருடம் அறுவடை வேலை கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் செவிலிமேட்டுக்கு வந்துவிட்டோம்.

3

உள்ளூர்க் கடை என்றாலே நல்லது என்று நான் பேச வரவில்லை. காஞ்சிபுரத்தில் பெரிய சைக்கிள் ஷோரூம் ஒன்றுக்கு எஸ்தர் கியர் சைக்கிள் பார்க்கப் போனாள். "லேடீஸ் மாடல் அந்தப் பக்கம் இருக்குது மேடம்," என்றான் விற்பனை இளைஞன். எனக்குக் கியர் வண்டி வேண்டும் என்றாள். "வீட்ல யாருக்கு மேடம்?" என்றான். எனக்குத்தான் என்று இரண்டு தரம் சொன்ன பிறகும் அவன் அவள் பின்னால் கணவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

இதே மரியாதை ஜெர்மனியில் எனக்கும் கிடைத்தது. வந்த முதல் வருடம், பிரேக் சரியில்லை என்று என் தெருக்கோடிக் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் தொடக்கூட இல்லை. "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்றார்.

"இணையத்தில்."

"அப்படியானால் அங்கேயே கொண்டுபோங்கள்."

சைக்கிளை எப்படி இணையத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது என்று யோசித்தபடி வீடு வந்தேன். அப்போது எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. இப்போது முடியும். ஆனால் அவர் கடையை மூடிவிட்டார்.

எஸ்தருக்குக் கடைசியில் கிடைத்தவர் ரேணுகா, எங்களுக்கு ரேணுக்கா. மூங்கில் மண்டபம் பக்கத்துச் சந்தில் சின்னக் கடை. தெலுங்கு பேசும் குடும்பம். அப்பா வைத்திருந்த சைக்கிள் கடையை அண்ணன்கள் செல்போன் கடையாக்கப் பார்த்தபோது, "பாதியை நீங்க எடுத்துக்கோங்க, பாதி எனக்கு" என்று நடுவில் தகரம் அடித்துப் பிரித்துக்கொண்டவர். கியர் வேலையை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார். சென்னைக்கு வடக்கே சோழவரத்திலிருந்துகூடப் பையன்கள் அவரிடம் சைக்கிள் கொண்டுவருகிறார்கள் என்று எஸ்தர் பெருமையாகச் சொல்வாள்.

நானூறுக்கான சைக்கிளை ரேணுக்காதான் கட்டினார். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்த பிரேமை எஸ்தரின் உயரத்துக்குப் பொருந்துகிறது என்று எடுத்துவந்து, சாயம் சுரண்டி, புதிதாய் அடித்தார். சக்கரம் இரண்டையும் கம்பி கம்பியாகக் கோத்தார். நாலு மாதம் ஆனது. எஸ்தர் போட்டோ அனுப்பினாள். பச்சை நிறம். உடனே போன் போட்டேன்.

"இதுலயா நானூறு கிலோமீட்டர் போவப்போற?"

"இன்னாக்கா, நல்லா இல்லியா?"

"பழைய இரும்புக் கடை சாமான்டீ. நடுரோட்ல உடைஞ்சா இன்னா பண்ணுவ? ரேணுக்கா வந்து நிப்பாங்களா?"

"யாராச்சும் இருப்பாங்கக்கா. ரோடுன்னா ஆளுங்க இல்லாம பூடுவாங்களா?"

"நான் இங்கேருந்து நல்ல டயரு, செயினு எல்லாம் அனுப்பறேன். அதை மாட்டிக்க."

"கேட்டனா நானு?"

"நீ கேக்க மாட்ட. நான்தான் பாத்து அனுப்பணும்."

எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நீ அனுப்பிக்கினே இருக்கிற. சோப்பு, பிஸ்கட்டு, பேனா, புள்ளைங்களுக்குச் சட்டை. எம்பொண்ணு அன்னிக்குக் கேக்குறா, 'நம்ம ஊர்ல எதுவுமே நல்லது கிடைக்காதாம்மா?'ன்னு. இன்னா பதில் சொல்லட்டும்?"

போனை நான்தான் வைத்தேன். ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் டயரையும் செயினையும் அனுப்பினேன். அது எந்த அழகில் போனது என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வாரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. புரிந்தும் திருந்தவில்லை என்பதால் எழுதுகிறேன். அம்மா இறந்தபோது நான் போகவில்லை. விசா புதுப்பிக்கும் காகிதம் அலுவலகத்தில் கிடந்தது. எஸ்தரின் இரண்டு பிரசவத்துக்கும் போகவில்லை. நான் போகாத ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெட்டி போயிருக்கிறது. பெட்டி வேண்டாம் என்று அவள் சொன்னால், நீ வேண்டாம் என்று என் காதில் விழுந்தது.

4

நானூறு கிலோமீட்டர் ஓட்டம் கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை. ரூத்துக்குப் பள்ளி விடுமுறை. இந்தத் தடவை நானே போய்விடுவது என்று கிளம்பினேன். பெட்டி போய்ச் சேராத வீட்டுக்கு நான் போனேன். என் சூட்கேஸுக்குள் இன்னொரு பெட்டி இருந்தது. சைக்கிள் ஓட்டுவதற்கென்றே செய்த தோல் ஷூ ஒரு ஜோடி, அதோடு சேரும் பெடல் இரண்டு. ஷூவின் அடியில் ஓர் இரும்புப் பல் இருக்கும். அது பெடலில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கால் வழுக்காது, இழுத்தும் மிதிக்கலாம். இணையத்தில் பழைய ஸ்டாக் தள்ளுபடியில் பார்த்து, விட மனமில்லாமல் வாங்கியிருந்தேன்.

போய் இறங்கிய மறுநாள் நானும் ரூத்தும் எஸ்தரும் ரேணுக்கா கடைக்குப் போனோம். பட்டுப்புடவை எடுக்க வந்தவர்களின் கார்கள் சந்தின் வாயை அடைத்து நின்றன. ரேணுக்கா நைட்டி மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கிரீஸ் கையோடு எழுந்து வந்தார்.

"வாம்மா கிரேஸு. உன் பார்சலைப் பத்தித்தான் இந்தச் சந்து பூரா பேச்சு."

ரூத்துக்குத் தமிழ் காதில் ஏறும், நாக்கில் வராது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். 'உன் பாஷை' என்றுதான் சொல்வாள், 'நம்ம பாஷை' என்று சொன்னதில்லை. அன்று அவள் பச்சை சைக்கிளையே சுற்றிச் சுற்றி வந்து, பின்சக்கரத்தைக் காட்டித் தமிழிலேயே, "ஆன்ட்டி, இந்தக் கோட்டு புதுசா?" என்றாள்.

ரேணுக்கா விழித்தார். நான் விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் தகரத்துக்கு அந்தப் பக்கம் செல்போன் கடையிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "சைக்கிளுக்குக் குளிருதாம்மா உங்க ஊர்ல?"

பிறகு ஷூவை எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரிப்பு நின்றது. ஷூவை வளைத்தார், முகர்ந்தார், அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"பெடல் அருமையான பெடல். நம்ம பக்கம் இப்படி வராது, ஒத்துக்கறேன். ஷூ மட்டும் நானூறுக்கு வேணாம். கால் பழகலை, ஷூவும் பழகலை. முதல்ல அம்பது, நூறு போட்டுப் பாக்கட்டும்."

"இது நல்ல கம்பெனிக்கா," என்றேன்.

"கம்பெனி நல்ல கம்பெனிதான்மா. கால் எஸ்தரோடது."

நான் எஸ்தரைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் ஷூவை வாங்கிக் காலில் மாட்டினாள். "சரியாத்தான் இருக்குது ரேணுக்கா. போட்டுக்கறேன்," என்றாள்.

ரேணுக்கா பெடலை மாற்றத் தொடங்கினார்.

5

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். பெங்களூர் ரோட்டில் இருநூறு கிலோமீட்டர் போய், அப்படியே திரும்பி வர வேண்டும். முப்பது பேரில் பெண்கள் மூன்று பேர். விதிமுறையில் ஒன்று என்னைப் பயமுறுத்தியது. ஓட்டுபவர்களின் வீட்டார் நேரம் குறிக்கும் சோதனை மையங்களில் மட்டும்தான் உதவலாம். வழியில் உதவினால் ஓட்டம் செல்லாது. ரோட்டில் இருக்கும் முகம் தெரியாத ஆட்களிடம் மட்டும் உதவி கேட்டுக்கொள்ளலாம்.

நானும் ரூத்தும் ரேணுக்காவும் ஒரு வாடகை வேனில் முன்னால் போய், வாணியம்பாடி சோதனை மையத்தில் இட்லிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிவாக்கில் வந்துவிடுவேன் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். இரண்டே கால் மணிக்கு போன் வந்தது.

"அக்கா, விழுந்துட்டேன். ஒண்ணும் இல்ல, முட்டியில சிராய்ப்புதான். ஷூதான் பூடுச்சு."

"எங்க இருக்கிற?"

"ஆம்பூர். வராத. வந்தீன்னா நான் அவுட்டு."

வைத்துவிட்டாள். இருபது கிலோமீட்டர் தள்ளி என் தங்கை ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், நான் ஒரு நர்ஸ், என்னிடம் வேன் இருக்கிறது. "அண்ணா, வண்டி எடுங்க," என்று டிரைவரிடம் சொன்னேன். ரேணுக்கா சாவியை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"கிரேஸு, உக்காரு."

"நீங்க சும்மா இருங்கக்கா. அவ என் தங்கச்சி."

அப்போது ரூத் பேசினாள். தமிழில். "அம்மா, சித்தி வேண்டாம் சொன்னாங்க. நீ எப்பவும் கேக்கவே மாட்டே."

அவளிடமிருந்து நான் கேட்ட மிக நீளமான தமிழ் வாக்கியம் அதுதான். உட்கார்ந்தேன்.

ஆம்பூரில் நடந்ததை எஸ்தர் பிறகு சொன்னாள். டீக்கடையில் தண்ணீர் வாங்க நிறுத்தியிருக்கிறாள். காலைத் திருப்பி பெடலிலிருந்து எடுத்தால், கால் வந்தது, ஷூவின் அடி வரவில்லை. சோல் முழுதும் பெடலிலேயே பூட்டிக்கொண்டு நிற்க, மேல்தோல் மட்டும் காலோடு வந்தது. நிலைதடுமாறி சரளைக்கல்லில் விழுந்தாள்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் பர்வீன் என்பவள் முட்டியைப் பார்க்கும் முன் ஷூவைப் பார்த்தாளாம். ஆம்பூரில் பாதிப் பெண்கள் ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள்.

"அரே, இதுல பேஸ்ட் செத்துப்போச்சுக்கா. பாக்கத்தான் புது ஷூ. எத்தினி வருஷம் குடோன்ல கெடந்துச்சோ." இன்னொரு ஷூவையும் கழற்றச் சொல்லி விரலை விட்டு அசைத்தாள். "இதுவும் வரப்போவுது. இந்தப் பெடலுக்கு வேற செருப்பும் மாட்டாது. வா, எங்க வீடு பின்னாடிதான் இருக்குது."

வீட்டில் அவளுக்குத் தையல் மெஷின் இருந்தது. சோலைப் பெடலிலிருந்து கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுசு போட்டு, இரண்டு ஷூவுக்கும் ஓரம் முழுக்கத் தடித்த நூலில் கையாலும் தைத்தாள். "ஒட்டின உடனே மிதிக்காத. காயணும்," என்று உட்காரவைத்துச் சோறு போட்டாள். எஸ்தர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

தைத்து முடிக்கும்போது பர்வீன் ஷூவின் நாக்கைத் தூக்கி உள்ளே இருந்த சின்னத் துணிச்சீட்டைப் பார்த்தாள். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இது எங்க வாங்கினது?"

"எங்க அக்கா ஜெர்மன்ல வாங்கியாந்துச்சு."

"மேட் இன் இந்தியான்னு போட்டுக்கீது பாரு. எங்க கம்பெனியோ, பக்கத்துக் கம்பெனியோ. இங்க தைச்சதை அங்க போயி வாங்கியாந்தாங்களா உங்க அக்கா?"

ஒன்றே கால் மணி நேரம் போயிருந்தது.

வாணியம்பாடிக்கு வந்தபோது எஸ்தர் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி நின்றபடியே இட்லியை விழுங்கினாள். முட்டியை மட்டும் துடைத்து மருந்து வைக்க விட்டாள். நான் தலை நிமிராமல் கட்டுப் போட்டேன். ரேணுக்கா செயினை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சக்கரம் நேராக ஓடியது. பழைய இரும்புக் கடைப் பிரேம் ஒரு முனகல்கூட முனகவில்லை.

"எஸ்தர், இந்த ஷூ என்னால..."

"நீ குடுத்த, நான் போட்டேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணது. அழாத, தள்ளு, நேரமாவுது."

6

மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் வர வேண்டும். ஒன்பது பதினாலுக்கு வந்தாள்.

எங்களுக்கு முன்பே தெரியும், அவளுக்கும் தெரியும். கடைசி இருபது கிலோமீட்டரில் அவளுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டதாம், நேரத்துக்குள் முடியாது என்று. ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு ரூத் கேட்டாள். "நீங்கள்லாம் அந்தப் பக்கம்தான நின்னுக்கினு இருந்தீங்க," என்றாள் எஸ்தர்.

ஓட்டத்தை நடத்தியவர் நல்ல மனிதர். எழுந்து வந்து கை கொடுத்தார். முட்டியைப் பார்த்து வருத்தப்பட்டார். "பதினாலு நிமிஷம் மேடம். ரூல்ஸ், என் கையில இல்ல. லிஸ்ட்ல பேர் வராது." பிறகு ஆறுதலாக ஒன்று சொன்னார். "அடுத்த தடவை நல்ல இம்போர்டட் கியரா வாங்கிடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வரவழைச்சுத் தர்றாரு. இந்த லோக்கல் சாமான்ல எல்லாம் லாங் ரைடு கஷ்டம்."

நான் வாயைத் திறந்தேன். எஸ்தர் முந்திக்கொண்டாள்.

"சார், இதுல இம்போர்டட்டா இருந்தது பெடலும் ஷூவும். பெடல் நல்லா இருந்துச்சு. ஷூ கழண்டுச்சு. ஆம்பூர்ல தைச்சாங்க, அந்தத் தையல்லதான் மீதி இருநூத்தி அம்பதும் வந்தேன். மத்தபடி இந்தச் சைக்கிள் பூரா இவங்க." ரேணுக்காவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவங்க காஞ்சிபுரத்துல இருக்காங்க. உங்க ஆளுங்க யாருக்காச்சும் சக்கரம் கோணிச்சுன்னா அனுப்புங்க."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் அங்கேயே ரேணுக்காவிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். என் காது சூடாகியிருந்தது. முப்பது பேருக்கு முன்னால் என் ஷூவின் பெயர் கெட்டுப்போனது. கெட்டுப்போகட்டும் என்று, வாழ்க்கையில் முதல் தரம், தோன்றியது. அவளுக்காக நான் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பிப்ரவரியில் அவள் மறுபடி ஓட்டினாள். சாதாரணப் பெடல், கடைத்தெருவில் வாங்கிய கான்வாஸ் ஷூ. ஒரு மணி நேரம் மிச்சம் வைத்து முடித்துச் சான்றிதழ் வாங்கினாள். அப்போது நான் இங்கே வேலைக்குத் திரும்பியிருந்தேன். நான் எதுவும் அனுப்பவில்லை. அவள் அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னோடு வேலை செய்கிற பெண், "உன் தங்கைக்கு நம் ஊர் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமே, பாவம்," என்றாள். பாவம் என்கிற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை நான் அவளை விடவில்லை. அதற்கு என் ஜெர்மன் போதுமானதாக இருந்தது.

ஆனாலும் எனக்குள் நிற்பது அந்தச் சான்றிதழ் அல்ல. டிசம்பர் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

கை கொடுத்து, டீ குடித்து எல்லாம் முடிந்த பிறகு வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பின்சீட்டைப் படுக்கையாகப் போட்டிருந்தோம். எஸ்தர் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்து, உதடு வெடித்து, நிற்கும்போது கால் நடுங்கியது. பச்சைச் சைக்கிளை எடுத்து ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கடீ?"

"வீட்டுக்கு."

"நாப்பது கிலோமீட்டர்டீ. பைத்தியமா உனக்கு? வண்டியில ஏறு."

"அவங்க லிஸ்ட்ல நானூறு வரலை. பரவால்ல. என் லிஸ்ட்ல நானூத்தி நாப்பது." சொல்லிக்கொண்டே மிதித்துவிட்டாள்.

ரேணுக்காவைப் பார்த்தேன், அவராவது தடுப்பார் என்று. அவர் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். "பின்னாடியே போவோம்," என்றார்.

அவள் மெதுவாகப் போனாள். மிக மெதுவாக. ஒரு கரும்புச்சாறு வண்டியில் நிறுத்தினாள், ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள், மறுபடி கிளம்பினாள். ரோட்டோரம் சரளை சரிந்து கிடந்த இடங்களில் அவள் தார் மேல் ஏறித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. நாங்கள் விளக்கை மின்னவிட்டு, அவளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் வேனை வைத்தபடி ஊர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் கார்கள் சேர்ந்தன. தை மாதக் கல்யாணங்களுக்கு ஜவுளி எடுக்கப் போகிற கார்கள் போலிருக்கிறது. ஹாரன் மேல் ஹாரன். ஒருவர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார். ரூத் ஜன்னலில் தலையை நீட்டி, "எங்க சித்தி!" என்று பதிலுக்குக் கத்தினாள்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மேடம், பின்னாடி இருபது வண்டி நிக்குது. தங்கச்சியை ஓரமா நிக்கச் சொல்லிட்டு, நாம கொஞ்சம் முன்ன எடுத்துடலாமா?"

"வேணாம்ணா," என்றேன். "ஹாரன் அடிக்கட்டும். அவ போற வேகம்தான் நம்ம வேகம்."